சொல்லாமல் எடுத்த ரத்தம்

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம் பெண் டாக்டர் ஒருவர் ஐஸ் பெட்டியுடன் சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறினார். கூடவே கணவரும் போனார். பெட்டிக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் ரத்த மாதிரிகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த நிர்மலா செல்லப்பனுக்கு அது பட்டத்துக்கான ஆய்வு. தலைப்பைக் கொடுத்தவர் பேராசிரியர் சுனிதி சாலமன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதுவரை பொதுவான அபிப்பிராயம் வேறு. இது மேல்நாட்டார் வியாதி, நம் ஒழுக்கம் நம்மைக் காப்பாற்றும் என்பதே படித்தவர்களின் பேச்சாகவும் இருந்தது. அந்தத் தெம்பை ஆறு சோதனைக் குழாய்கள் கலைத்துப் போட்டன.

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். கையுறை இல்லாமல் ரத்தம் எடுத்தது, மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தது, கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப் போனது எல்லாம் இப்போது நன்கு தெரிந்த விவரங்கள். அவற்றுக்கிடையே ஒன்றை மட்டும் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். அந்தப் பெண்கள் பாலியல் தொழில் தொடர்பாகப் பிடித்துவரப்பட்டு, விஜிலென்ஸ் ஹோம் எனப்பட்ட அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள். ரத்தம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு நிர்மலாவே இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. எழுத்தறிவில்லாத பெண்களிடம், பெயரே புதிதான ஒரு நோயைப் பற்றி என்ன விளக்கியிருக்க முடியும் என்று கேட்கலாம். ஒப்புதல் படிவம் என்ற காகிதமே அன்று பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சைக்கு முன் கைநாட்டு வாங்கும் சடங்காகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. இந்தியாவின் எச்.ஐ.வி. ஆராய்ச்சி, யாருக்காக நடந்ததோ அவர்களிடம் சொல்லாமல் தொடங்கியது. அதன்பிறகு சுனிதி சாலமன் வேலை செய்த கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளைக் கவனித்தால், சொல்வது எப்படி, யாரிடம், எப்போது என்ற கேள்வியோடுதான் அவர் மல்லுக்கட்டியிருக்கிறார் என்று படுகிறது. மருந்து பிறகு வந்தது. சொல்லும் வேலை முதல் நாளிலேயே வந்துவிட்டது.

சுனிதி சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்திக் குடும்பத்துப் பெண். கைதொண்டே என்பது பிறந்த வீட்டுப் பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது அறிமுகமான விக்டர் சாலமனை மணந்துகொண்டார். அவர் பின்னாளில் இருதய அறுவை நிபுணர். வெளிநாடுகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 1973இல் இருவரும் திரும்பினார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளோடு மனைவி பழகுவதில் கணவருக்கு முதலில் தயக்கம் இருந்தது. அவர்களுடைய கதைகளைக் கேட்டால் நீங்கள் இப்படிப் பேசமாட்டீர்கள் என்பது சுனிதியின் பதில். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு 1993இல் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். பின்னர் அது தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது.

1993இல் ஒரு எச்.ஐ.வி. டாக்டரிடம் கொடுப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. காசநோய் வந்தால் அதற்கு மருந்து, வாயில் வெண்படலம் படர்ந்தால் அதற்கு மருந்து, பேதிக்கு மருந்து. அடிப்படைக் கிருமியை நிறுத்த வழியில்லை. மற்ற ஆஸ்பத்திரிகள் கட்டில் தர மறுத்தவர்களைத் தொட்டுப் பார்த்து, உட்காரவைத்துப் பேசியதே பாதி சிகிச்சை. சோதனைக்கு முன் ஆலோசனை, சோதனைக்குப் பின் ஆலோசனை என்ற ஏற்பாட்டை அவர் வற்புறுத்தியது அந்தச் சூழ்நிலையில்தான். முடிவை நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும், கூட வந்த மாமாவிடமோ முதலாளியிடமோ அல்ல. இன்று இது சாதாரணமாகத் தோன்றும். நம் ஊரில் டாக்டர் நோயாளியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுப் பெரியவரிடம் விஷயத்தைச் சொல்வதுதான் மரியாதை என்று கருதப்பட்டது. பல இடங்களில் இன்றும் அப்படித்தான்.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமியை அடக்கிவைக்கலாம் என்பது 1996இல் உலகத்துக்குத் தெரிந்தது. விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். இந்திய நோயாளிக்கு அது செய்தியாக மட்டுமே வந்து சேர்ந்தது. நிலைமையை மாற்றியது ஒரு பழைய சட்டம். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்குத்தான் தந்தது. அதனால் இந்தியக் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்தன. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா கம்பெனி ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது உலகச் செய்தி ஆயிற்று. பின்னர் விலை இன்னும் இறங்கியது. பொருளுக்கே காப்புரிமை தரும் புதிய ஏற்பாடு 2005இல் வந்தது. அதற்குள் பல உயிர்கள் தப்பியிருந்தன.

மலிவு மருந்து ஏழை நாட்டில் வேலை செய்யுமா என்ற சந்தேகம் அப்போது பலமாக இருந்தது. மாத்திரையைத் தவறாமல் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பது உண்மையான பயம். அந்தப் பயத்தோடு வேறு எண்ணங்களும் கலந்திருந்தன. ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது என்ற பொருளில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனத் தலைவர் 2001இல் பேசி, எல்லாப் பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சென்னையின் பதில் கணக்கேட்டிலிருந்து வந்தது. தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் வருகையையும் மையம் பதிவு செய்துவந்தது. டாக்டர் என். குமாரசாமியும் சுனிதி உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரை, இந்தியத் தயாரிப்பு மருந்துகள் வருவதற்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் நிலையை ஒப்பிட்டது. 1997க்கும் 2003க்கும் இடையே அந்த மையத்தில் சாவு விகிதம் நூற்றுக்கு 25 என்பதிலிருந்து ஐந்தாகச் சரிந்திருந்தது. வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட இந்தியர்களுக்குத் தெரியும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று.

மருந்துக் கதை இதுவரை நல்ல கதை. ஆனால் டாக்டரின் அறைக்குள் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதன் நாயகி நோயாளியின் மனைவி.

1990களின் பாதியிலேயே சுனிதியைத் தேடி வரும் பெண்கள் மாறிவிட்டார்கள். காப்பகத்துப் பெண்கள் அல்ல, தாலி கட்டிய இல்லத்தரசிகள். கர்ப்பச் சோதனைக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்டவர்கள், கணவன் படுத்த பிறகு தெரிந்துகொண்டவர்கள். 1997இல் புனே ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வும் 2000இல் சென்னை மையத்திலிருந்து வந்த ஆய்வும் ஒன்றையே சொல்லின. எச்.ஐ.வி. கண்ட மனைவியரில் மிகப் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். அவர்களைப் பொறுத்தவரை ஆபத்து என்பது திருமணம்தான். ஒழுக்கம் காப்பாற்றும் என்று 1986இல் பேசியவர்கள் இந்தப் பெண்களுக்கு என்ன பதில் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரெங்கும் போஸ்டர் கேட்ட காலம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று எந்தப் போஸ்டரும் கேட்கவில்லை.

இங்கேதான் சொல்லும் வேலை கழுத்தைப் பிடிக்கிறது. கணவனுக்கு இருக்கிறது, மனைவிக்கு இன்னும் இல்லை. சொல்ல வேண்டாம் என்கிறான் கணவன். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உயிரும் அதே டாக்டரின் பொறுப்பு இல்லையா?

சட்டமும் இதில் தடுமாறியது. மருத்துவமனை ஒன்று தன் நோயைப் பிறருக்குச் சொன்னதால் கல்யாணம் நின்றுபோனது என்று ஒருவர் தொடுத்த வழக்கில், பெண்ணின் உயிர் பெரிது என்று 1998இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதோடு நிற்காமல், அப்படிப்பட்டவருக்குத் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டதாகவும் சொன்னது. அந்தப் பகுதி தேவையற்றது என்று விளக்க 2002 வரை ஆயிற்று. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் ஒரு வழி காட்டுகிறது. முதலில் நோயாளிக்கு ஆலோசனை தர வேண்டும். அவராகவே சொல்லமாட்டார் என்று தெரிந்து, துணைக்கு உண்மையான ஆபத்தும் இருந்தால், முன்கூட்டி அவருக்குத் தெரிவித்துவிட்டு டாக்டரே நேரில் சொல்லலாம். தகவலால் பெண் அடிபடுவாள், துரத்தப்படுவாள் என்ற அச்சம் இருந்தால் விதிவிலக்கு. வழி நல்ல வழிதான். ஆனால் அதில் நடப்பதற்கு மணிக்கணக்கில் பேசப் பொறுமையுள்ள ஒரு ஆலோசகர் வேண்டும். புறநோயாளிப் பிரிவின் நீண்ட வரிசையில் அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

சுனிதி தன் வழியில் ஒரு காரியம் செய்தார். வீட்டு வற்புறுத்தலுக்குப் பயந்து, நோயை மறைத்துக் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் வாலிபர்களைப் பார்த்து அலுத்துப்போய், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குள்ளேயே வரன் பார்க்கத் தொடங்கினார். சாதி, படிப்பு, சம்பளம் எல்லாம் நம் ஊர் ஜாதகப் பரிவர்த்தனையில் இருப்பதுபோலவே வந்தன. கூடவே ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் எத்தனை என்ற எண்ணும். நோய் எதிர்ப்பு ஆற்றலின் அளவு அது. 2017இல் வெளிவந்த ‘லவ்சிக்’ என்ற ஆவணப்படத்தில் இந்தக் கல்யாணத் தரகு வேலையைப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளர் செய்யும் வேலையா இது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். மணமேடைக்குப் போகும் முன் இரு தரப்புக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் நடந்த சம்பந்தங்கள் நம் நாட்டில் வேறு எத்தனை?

இந்த அஸ்திவாரத்தின் மீதுதான் அந்தப் பெரிய ஆய்வு நடந்தது. எச்.பி.டி.என். 052 என்ற வறட்சியான பெயர் கொண்டது. தலைவர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரன் கோஹன். ஒன்பது நாடுகள், 1,763 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. ஆங்கிலத்தில் இவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, அதை அப்படியே தமிழாக்கினால் சண்டைக்காரத் தம்பதி என்று அர்த்தம் வந்துவிடும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இப்படிப்பட்ட குழிகள் நிறைய. இந்தியாவில் ஆய்வு நடந்த இடங்கள் இரண்டு: புனேயில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம், சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர்.

கேள்வி எளிமையானது. நோயுள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து கொடுத்தால் துணைக்குத் தொற்றுவது குறையுமா? சி.டி.4 எண்ணிக்கை 350க்கும் 550க்கும் இடையில் இருந்தவர்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மருந்து. மற்றப் பாதிக்கு எண்ணிக்கை 250 அளவுக்கு இறங்கும்வரை அல்லது எய்ட்ஸ் அறிகுறி தோன்றும்வரை காத்திருப்பு. ஆணுறையும் ஆலோசனையும் எல்லோருக்கும் உண்டு. சேர்வதற்கு முன் நிபந்தனை ஒன்று இருந்தது. நோயுள்ளவர் தன் துணையிடம் உண்மையைச் சொல்ல ஒப்ப வேண்டும். 1986இன் காப்பகத்தை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்தால் நடந்திருக்கும் தூரம் தெரியும். கணவனும் மனைவியும் ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து, இருவரும் அறிந்து, இருவரும் கையெழுத்திட்டுத் தந்த ரத்தம் இது.

ஆய்வு 2015 வரை நடக்க வேண்டியது. 2011 மே மாதத்திலேயே, மேற்பார்வைக் குழு கணக்கைப் பார்த்துவிட்டு முடிவை வெளியிடச் சொல்லிவிட்டது. ஆய்வில் மொத்தம் 39 துணைகளுக்குப் புதிதாகத் தொற்றியிருந்தது. கிருமியின் மரபணுவை ஒப்பிட்டதில் 28 பேருக்குத் தங்கள் துணையிடமிருந்தே வந்தது உறுதியானது. அந்த 28இல் சீக்கிரம் மருந்து தொடங்கிய பாதியில் ஒருவர் மட்டுமே. மற்ற 27 பேரும் காத்திருந்த பாதியில். மருந்து தொற்றை 96 சதவீதம் குறைத்திருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் உடனடியாக மருந்து தர முடிவாயிற்று. ‘சயன்ஸ்’ இதழ் அந்த ஆண்டின் தலையாய அறிவியல் சாதனையாக இதைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் வந்த இறுதிக் கணக்கிலும் பலன் 93 சதவீதமாக நிலைத்தது. மருந்தால் கிருமி நிலையாக அடங்கியிருந்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றிய சம்பவம் ஒன்றுகூட இல்லை.

பரிசுச் செய்தியில் அந்த 27 பேர் வரமாட்டார்கள். சி.டி.4 இறங்கும்வரை காத்திருப்பதுதான் அன்றைய பொது வழக்கம், ஆகவே யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் நியாயம். அது சரியான நியாயம்தான். ஆனாலும் இன்று எந்தத் தம்பதியும் காத்திருக்க வேண்டாம் என்று நாம் தெரிந்துகொண்டது அவர்கள் காத்திருந்ததால். காப்பகத்தின் ஆறு பெண்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இவர்களுக்குத் தாங்கள் எதில் சேர்ந்திருக்கிறோம் என்று தெரியும்.

முடிவு வந்த பிறகும் அரசுகள் அவசரப்படவில்லை. எண்ணிக்கை எதுவானாலும் எல்லோருக்கும் மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015இல். இந்தியா அதை ஏற்றது 2017இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் எத்தனையோ மனைவியர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுனிதி அந்த அறிவிப்பைப் பார்க்கவில்லை. 2015 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் புற்றுநோயால் காலமானார். பத்மஸ்ரீ 2017இல், மறைவுக்குப் பின் வந்தது.

2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். மாத்திரை இலவசம். நாளைக்கு ஒன்று போதும் என்ற அளவுக்கு எளிதாகியிருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால் அவரிடமிருந்து உடலுறவில் துணைக்குத் தொற்றாது. இதைத் தொடர்ந்த ஆய்வுகளும் உறுதி செய்துவிட்டன. ஆனால் இந்தச் செய்தியைக் கேள்விப்படாத வாசகர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள் என்பது என் ஊகம். நோயைப் பற்றிப் பயமுறுத்தும் செய்தி மூலைமுடுக்கெல்லாம் போனது. பயம் நீக்கும் செய்தி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. சொன்னால் மக்கள் ஆணுறையை விட்டுவிடுவார்கள் என்று அதிகாரிகள் மட்டுமல்ல, சில டாக்டர்களும் தயங்குகிறார்கள். மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறை இன்றும் தேவை என்பது உண்மை. ஆனால் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வார்கள், ஆகவே சொல்லாதே என்ற வாதத்தை நாம் முன்பே எங்கோ கேட்டிருக்கிறோம்.

மொழியும் கொஞ்சம் வில்லங்கம் செய்கிறது. ‘கண்டறிய முடியாத நிலை’ என்றுதான் தமிழில் எழுதிவருகிறோம். ஆங்கிலத்தின் நேர் பெயர்ப்பு அது. வியாதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, டாக்டருக்கே புரியவில்லை என்று கேட்பவருக்கு அர்த்தமாகிறது. இன்னும் சிலர் நோய் போயே போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து, பின்னது பெரிய ஆபத்து. நிறுத்தினால் சில வாரங்களில் கிருமி திரும்பிவிடும். ‘கிருமி உடம்பில் இருக்கிறது, மருந்து அதைக் கட்டிப்போட்டிருக்கிறது, மருந்து சாப்பிடும்வரை உன்னிடமிருந்து உன் மனைவிக்குப் போகாது’ என்று மூன்று வாக்கியமாகச் சொன்னால் எவருக்கும் புரியும். அரசுச் சுவரொட்டியில் இதற்கு இடமில்லை என்றால் கிருமியின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போகும்போது, அந்தச் சீட்டின் பின்பக்கத்திலாவது இதை அச்சடித்துத் தரலாம்.